மூடிய கம்பெனியின் காரை வாங்கும் முன் நாள் கணக்குப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குவது பற்றிய அறிவுரைகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "கம்பெனி மூடிவிட்டதா, அந்தக் காரைத் தொடாதீர்கள், ஸ்பேர் கிடைக்காது." இதை அப்படியே நம்பி நல்ல காரைக் கைவிட்டவர்கள் உண்டு. இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கி, ஒரு ஹெட்லைட்டுக்காக மாதக்கணக்கில் காரை நிறுத்தி வைத்திருப்பவர்களும் உண்டு. "ஸ்பேர் கிடைக்குமா?" என்று கேட்டால் விற்பவர் "கிடைக்கும்" என்றுதான் சொல்வார். எந்த ஸ்பேர், எத்தனை நாளில் என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து ஓட்டும் காருக்கு ஒரு பாகம் மூன்று வாரம் கழித்து வந்தாலும் குடி முழுகிவிடாது. தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் ஓட வேண்டிய கார் மூன்று வாரம் நின்றால், வாங்கும்போது மிச்சப்படுத்திய பணம் வாடகை வண்டிக்கே போய்விடும். அதனால் இப்படிப்பட்ட காரை விலையை வைத்து எடை போடுவதைவிட, அது பழுதாகி நிற்கக்கூடிய நாட்களை வைத்து எடை போடுவதே சரி.

முதலில் கம்பெனி எப்படி மூடியது என்று பார்க்க வேண்டும். பெயர்ப் பலகை மட்டும் கழற்றப்பட்டு, தாய் நிறுவனம் இன்றும் இயங்கும் பிராண்டுகள் ஒரு வகை. ஓல்ட்ஸ்மொபைல் 2004-லும், பான்டியாக்கும் சாட்டர்னும் 2010-லும் நின்றன. மூன்றும் ஜெனரல் மோட்டார்ஸின் பிராண்டுகள். ஃபோர்டின் மெர்குரி 2011 தொடக்கத்தோடும், டொயோட்டாவின் சையான் 2016-லும் முடிந்தன. இரண்டாவது வகை, ஒரு நாட்டுச் சந்தையை விட்டு மட்டும் வெளியேறியவை. செவ்ரோலே 2015-க்குள் ஐரோப்பாவில் பெரும்பாலும் விற்பனையை முடித்துக்கொண்டது, 2017-ல் இந்தியாவிலும் நிறுத்தியது. வேறு நாடுகளில் அதன் விற்பனை தொடர்ந்தது. ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் 2020-ல் விலக்கிக்கொள்ளப்பட்டபோது, குறைந்தது 10 ஆண்டுகளுக்கு உதிரிபாகமும் சர்வீஸும் தருவதாக ஜெனரல் மோட்டார்ஸ் உறுதி சொன்னது. மூன்றாவது வகை, கம்பெனியே திவாலானது. எம்ஜி ரோவர் 2005 ஏப்ரலிலும், சுவீடனின் சாப் 2011 டிசம்பரிலும் விழுந்தன. சாப் விஷயத்தில் உதிரிபாகப் பிரிவு தனியாகப் பிழைத்து, பிறகு ஓரியோ என்ற பெயரில் இயங்கியது. சாப் ஓட்டுபவர்கள் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு அது பெரிய காரணம். இந்த மூன்று வகைகளையும் ஒரே தராசில் வைப்பதில்தான் பொதுவான அறிவுரை தவறிப்போகிறது.

அடுத்து, பானட்டுக்கு அடியில் இருப்பது யாருடைய சரக்கு என்று பார்க்க வேண்டும். பான்டியாக் வைப் என்ற கார் உள்ளே டொயோட்டா மேட்ரிக்ஸ்தான். அதாவது கொரோலா குடும்பம். எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பிரேக் எல்லாவற்றுக்கும் டொயோட்டா பாகமே பொருந்தும். மெர்குரி மிலன், ஃபோர்டு ஃபியூஷனின் இரட்டை. மெர்குரி கிராண்ட் மார்க்விஸ், டாக்சியாகவும் போலீஸ் வண்டியாகவும் ஏராளமாக ஓடிய ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவின் உடன்பிறப்பு. சாப் 9-2எக்ஸ் ஒரு சுபாரு இம்ப்ரெசா. சாப் 9-7எக்ஸ் ஒரு செவ்ரோலே டிரெயில்பிளேசர். சாட்டர்ன் ஆஸ்ட்ராவைப் பெயர் மாற்றிய ஓப்பல் ஆஸ்ட்ரா என்றே சொல்லலாம். 2004 முதல் 2007 வரை வந்த சாட்டர்ன் வியூ வி6 வண்டியில் இருப்பது ஹோண்டாவின் 3.5 லிட்டர் எஞ்சின். அதில் டைமிங் பெல்ட் உண்டு. பெல்ட்டும் வாட்டர் பம்பும் எப்போது மாற்றப்பட்டன என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேச வேண்டும்.

இப்படி இரட்டைப் பிறவி இருக்கும் காரில் பயப்பட வேண்டியது எஞ்சினைப் பற்றி அல்ல, முகத்தைப் பற்றித்தான். ஹெட்லைட், டெயில் லைட், பம்பர், கிரில், பானட் ஆகியவை பெரும்பாலும் அந்த பிராண்டுக்கென்றே தனியாக அச்சடித்தவை. வைப்பின் முன் விளக்கு மேட்ரிக்ஸிலிருந்து வராது. தேயும் பாகங்களான ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், டிஸ்க், பால் ஜாயிண்ட், வீல் பேரிங், பெல்ட், ஸ்பார்க் பிளக் போன்றவற்றைத் தயாரிப்பது எப்போதுமே பாஷ், மான், மாலே, எஸ்கேஎஃப், கேட்ஸ் மாதிரியான பாகத் தயாரிப்பாளர்கள். கார் கம்பெனி மூடினாலும், வண்டிகள் தெருவில் ஓடும்வரை அவர்கள் தயாரிப்பார்கள். இவை ஓரிரு நாளில் கைக்கு வந்துவிடும். கண்ணாடி, விளக்கு, கதவு பீடிங், ஜன்னல் ரெகுலேட்டர், டேஷ்போர்டு மீட்டர், ஏர்பேக் போன்றவற்றைக் கார் கம்பெனியின் ஆர்டர் இல்லாமல் தயாரிப்பவர்கள் குறைவு. கையிருப்பு தீர்ந்தால் பழைய இரும்புக் கடையில் நிற்கும் வண்டியிலிருந்துதான் கழற்ற வேண்டும். நாள் கணக்கு வாரக் கணக்காவது இங்கேதான்.

ஆகவே காரை நேரில் பார்க்கப் போவதற்கு முன்பே ஒரு சோதனை செய்துவிடலாம். விற்பவரிடம் 17 எழுத்து சேஸிஸ் நம்பரை வாங்கிக்கொண்டு, இந்த ஆறு பாகங்களுக்குப் பாக எண், புதிதா பழையதா, எத்தனை நாளில் வரும் என்று குறைந்தது இரண்டு இடத்தில் விசாரியுங்கள்: டிரைவர் பக்க ஹெட்லைட், முன் கண்ணாடி, முன் வீல் ஹப் (ஏபிஎஸ் சென்சரோடு), ஃப்யூயல் பம்ப், புதிய சாவி (புரோகிராம் செய்து), கிளட்ச் செட் அல்லது ஆட்டோ கியர்பாக்ஸ். ஆறில் ஐந்துக்கு "ஒரு வாரத்துக்குள்" என்ற பதில் வந்தால் தினசரி ஓட்டத்துக்குத் தாராளமாக யோசிக்கலாம். ஹெட்லைட்டுக்கும் சாவிக்கும் பதிலே இல்லையென்றால், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது தினசரி வண்டி ஆகாது. இந்த விசாரிப்புக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் பலர் இதைச் செய்வது காரை வாங்கி, முதல் பழுது வந்த பிறகுதான்.

சாவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். 2003 முதல் வந்த சாப் 9-3 வண்டியில் ஸ்டியரிங் தண்டோடு இருக்கும் சிஐஎம் என்ற மாட்யூல், சாவியையும் இம்மொபிலைசரையும் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத மின்னணுப் பூட்டு) கவனிக்கிறது. அது அந்த ஒரு காரோடு கட்டிப்போடப்பட்டது. இன்னொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டினால் வேலை செய்யாது; டெக்-2 என்ற கம்பெனி ஸ்கேனரும் அதற்கான அனுமதிக் குறியீடும் வேண்டும். அதற்கு முந்தைய 9-3, 9-5 வண்டிகளில் எல்லாச் சாவியும் தொலைந்தால், டுவைஸ் என்ற மாட்யூலையே மாற்ற வேண்டிவரும். ஒரு சாவிதான் இருக்கிறது என்று விற்பவர் சொன்னால் அதைச் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது சாவியைப் புரோகிராம் செய்து தரச் சொல்லி, அது ஸ்டார்ட் ஆவதைக் கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். எந்த பிராண்டானாலும், அந்த பிராண்டின் மாட்யூலோடு பேசும் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்ஷாப் எது என்று வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். சாதாரண ஓபிடி ரீடர் (காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி) பெரும்பாலும் எஞ்சின் கோளாறை மட்டும் சொல்லும். ஏபிஎஸ், ஏர்பேக், பாடி கன்ட்ரோல் மாட்யூல் எதுவும் அதற்குப் பிடிபடாது.

இனி, நின்றுபோன பிராண்டுகளில் அதிகம் விற்பனைக்கு வரும் இரண்டு எஞ்சின்களை நெருங்கிப் பார்ப்போம்.

சாப் 9-5-ன் 2.3 லிட்டர் டர்போ. 2004-க்கு முந்தைய வண்டிகளில் ஆயில் சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில்) கசடு கட்டுவது இதன் பேர்போன நோய். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சம்ப்புக்கு மிக அருகில் இருப்பதால் ஆயில் சூடேறி வறுபடுகிறது. அந்தக் காலத்துக் கிராங்க்கேஸ் வென்டிலேஷன் ஆவியைச் சரியாக வெளியேற்றவில்லை. ஆயில் மாற்றும் இடைவெளியும் நீளம். மூன்றும் சேர்ந்தால் ஆயில் உறைந்து, சம்ப்பின் உள்ளே இருக்கும் பிக்அப் வலையை அடைத்துக்கொள்ளும். ஆயில் மேலே ஏறாமல் டர்போவும் பேரிங்கும் போகும். பார்ப்பது சுலபம். எஞ்சின் ஆறிய பிறகு ஆயில் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பழுப்பு நிறத்தில் மெல்லிய பூச்சு இருந்தால் சரி. விரலால் தொட்டால் கறுப்பு களிம்பு போல ஒட்டினால் ஆபத்து. வண்டியை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஐடிலில் விட்டால் ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கினாலும் அதே பொருள்தான். கசடு இல்லாவிட்டாலும், சம்ப்பைக் கழற்றி வலையைச் சுத்தம் செய்ததற்கும், வென்டிலேஷன் குழாய்களைப் பிந்தைய மாற்றியமைத்த செட்டுக்கு மாற்றியதற்கும் பில் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிய முதல் வாரத்திலேயே அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதன் பிறகு முழு சிந்தெடிக் ஆயில், 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்று, அவ்வளவுதான். இந்த எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் இக்னிஷன் கேசட் முன்னறிவிப்பு இல்லாமல் போகும். நான்கு பிளக்குக்கும் சேர்த்து ஒரே பெட்டி என்பதால், அது போனால் வண்டி நடுவழியில் நிற்கும். டிக்கியில் ஒன்றும், அதைக் கழற்றும் டார்க்ஸ் ஸ்பேனரும் எப்போதும் இருக்க வேண்டும். பத்து நிமிட வேலை.

ரோவரின் கே-சீரிஸ் 1.8. இது ரோவர் 75-லும், 25, 45, எம்ஜி டிஎஃப் போன்றவற்றிலும் வந்தது. எஞ்சின் எடை குறைவு, இழுவை நன்று, ஆனால் பலவீனம் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழ் பாகமான பிளாக்குக்கும் நடுவே இருக்கும் தகடு). கூலண்ட் கொள்ளளவு குறைவு என்பதால் கொஞ்சம் கசிந்தாலும் எஞ்சின் உடனே சூடாகிவிடும். ஹெட்டையும் பிளாக்கையும் நீளமான போல்ட்டுகள் மேலிருந்து அடிவரை பிடித்திருக்க, பழைய வண்டிகளில் நடுவே இடம் காட்டும் குச்சிகள் பிளாஸ்டிக்கில் இருந்தன. சூட்டிலும் குளிரிலும் ஹெட் நுண்ணிய அளவில் நகர்ந்து கேஸ்கெட்டின் ரப்பர் விளிம்பு கிழியும். ஆயில் மூடிக்கு அடியில் மோரில் திரண்ட வெண்ணெய் மாதிரி இருந்தால் விலகிவிடுங்கள். ஆனால் அது இல்லை என்பதால் மட்டும் நிம்மதி அடையவும் முடியாது, துடைத்து வைத்திருக்கலாம். இரவு முழுக்க ஆறிய எஞ்சினில் மேல் ரேடியேட்டர் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். இன்னும் விறைப்பாக இருந்தால் கம்பஷன் வாயு கூலண்டில் கலக்கிறது. உறுதிப்படுத்த, கூலண்ட் டேங்க் வாயில் நீல நிறச் சோதனைத் திரவம் வைத்து எஞ்சினை ஓடவிடலாம். அது மஞ்சளாக மாறினால் சந்தேகமே வேண்டாம். கேஸ்கெட் ஏற்கெனவே மாற்றியது என்றால் நல்லதுதான், ஆனால் பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட்டும் ஸ்டீல் குச்சிகளும் போட்டார்களா, லைனர்கள் (பிஸ்டன் ஓடும் உருளைகள்) பிளாக்கின் மட்டத்துக்கு மேல் சரியாக நிற்கின்றனவா என்று அளந்தார்களா என்பதை பில்லில் பாருங்கள். லைனர் அமிழ்ந்திருந்தால் எந்த கேஸ்கெட் போட்டாலும் மறுபடி போகும். ரோவர் 75-ல் இன்னொன்று: முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தின் வடிகால் இலைதழையால் அடைபட்டால், மழை நீர் தேங்கி எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் போகும். பானட்டைத் தூக்கி, அந்தப் பள்ளத்தில் ஒரு குவளை நீர் ஊற்றி, கீழே வடிகிறதா என்று பாருங்கள்.

மெர்குரி கிராண்ட் மார்க்விஸில் 2001 வரை வந்த 4.6 லிட்டர் எஞ்சினின் பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் பாகம்), கூலண்ட் கடக்கும் இடத்தில் விரிசல் விடும். அலுமினியக் குறுக்குக் குழாய் உள்ள மேனிஃபோல்டு மாற்றியிருந்தால் அந்தக் கவலை தீர்ந்தது. சாட்டர்ன் வியூ, அயான் ஆகியவற்றில் வந்த விடிஐ என்ற சிவிடி கியர்பாக்ஸை (பல்சக்கரப் படிகள் இல்லாத ஆட்டோ கியர்பாக்ஸ்), இலவசமாகக் கொடுத்தாலும் தினசரி ஓட்டத்துக்கு வாங்காதீர்கள். அதே வண்டிகளில் சாதாரண கியர்பாக்ஸ் உள்ளதும் கிடைக்கிறது.

எந்த வருடத்து மாடல் என்பதில் பலர் நினைப்பதற்கு நேர்மாறான ஒன்று உண்டு. கம்பெனி மூடுவதற்குச் சற்று முன்பு வந்த, புத்தம் புதிய வடிவம்தான் தினசரி வண்டிக்கு மிக மோசமான தேர்வு. 2010-ல் வந்த புதிய சாப் 9-5 அழகான கார், ஆனால் மொத்தம் சுமார் 11,000 மட்டுமே தயாரானது. அதன் பின் விளக்குப் பட்டையோ கண்ணாடியோ உடைந்தால், கழற்றுவதற்கு இன்னொரு வண்டி எங்கே? அதே கம்பெனியின் 9-3 பல ஆண்டுகள், பல நாடுகளில் விற்றது. ஓப்பல் வெக்ட்ராவோடு பல பாகங்களைப் பகிர்ந்துகொண்டது. அதிகம் விற்ற உடல், அதிகம் விற்ற எஞ்சின், நடுத்தர வேரியன்ட், கம்பெனி மூடுவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு வந்தது: இதைத் தேடுங்கள். அபூர்வ நிறம், அபூர்வ எஞ்சின், லிமிடெட் எடிஷன் எல்லாம் சேகரிப்பாளருக்கு.

பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். இக்னிஷன் போட்டதும் ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் விளக்குகள் எல்லாம் எரிந்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கக்கூடும். ஏர்பேக் மாட்யூல் கிடைக்காத காரில் இது சின்ன விஷயம் அல்ல. ஓபிடி ரீடரில் கோளாறுக் குறியீடு இல்லை என்று வந்தால், ரெடினெஸ் பக்கத்தையும் (காரின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டுவது) பாருங்கள். பல சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால், குறியீட்டைச் சமீபத்தில்தான் அழித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். பிறகு ஏசி போட்டு இருபது நிமிடம் ஐடிலில் விட்டு, ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்பதைக் கவனியுங்கள். நான்கு ஜன்னலும், எல்லாக் கதவுப் பூட்டும் உள்ளிருந்தும் ரிமோட்டிலும் இயங்க வேண்டும். ஓடும் பிராண்டில் இது அற்பக் குறை. இங்கே ஒரு ரெகுலேட்டருக்கு ஒரு மாதம் அலைய நேரிடலாம்.

ரீகால் (கோளாறான பாகத்தைச் சரிசெய்ய வண்டிகளைத் திரும்ப அழைப்பது) விஷயத்தைத் தவறவிடாதீர்கள். கம்பெனி இல்லையென்றால் ரீகாலும் இல்லை என்று நினைப்பது தவறு. டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர் (ஏர்பேக்கை ஊதி விரிக்கும் பாகம்) ரீகாலில் சாப் 9-3, சாட்டர்ன் ஆஸ்ட்ரா, பான்டியாக் வைப் மூன்றும் உண்டு. அந்த இன்ஃப்ளேட்டர் வெடித்தால் உலோகத் துண்டுகள் முகத்தில் பாயும். 2014-ல் வந்த இக்னிஷன் ஸ்விட்ச் ரீகாலில் சாட்டர்ன் அயான், சாட்டர்ன் ஸ்கை, பான்டியாக் ஜி5, பான்டியாக் சால்ஸ்டிஸ் இருந்தன. ஓடும்போதே சாவி தானாகத் திரும்பி எஞ்சின் அணைந்து, ஏர்பேக்கும் விரியாமல் போகும் கோளாறு அது. சேஸிஸ் நம்பரை வைத்து, வேலை முடிந்ததா என்று கேட்டுவிட்டே காரை எடுங்கள்.

வாங்கியாயிற்று என்றால், முதல் மாதமே ஒரு சிறு கையிருப்பு சேர்த்துவிடுவது நல்லது: கிராங்க் சென்சர், இக்னிஷன் காயில் அல்லது கேசட், தெர்மோஸ்டாட், ஃப்யூயல் பம்ப் ரிலே, ஒரு ஜன்னல் ரெகுலேட்டர், இரண்டு ஹெட்லைட். ஹெட்லைட் ஏன் என்றால், சின்ன மோதலில் முதலில் போவது அதுதான், கடைசியில் கிடைப்பதும் அதுதான். பெல்ட், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ் ஆகியவற்றைச் சேர்த்து வைக்காதீர்கள். சீல் பிரிக்காத பெட்டியில் பத்து வருடம் கிடந்த டைமிங் பெல்ட் புதிய பெல்ட் ஆகாது. ரப்பர் பெட்டிக்குள்ளேயே முதுமை அடைகிறது. ஒரிஜினல் என்ற பெயரில் பழைய ரப்பரை வாங்குவதைவிட, இந்த வருடம் தயாரான மாற்று பிராண்டு மேல்.

காப்பீட்டில் ஒரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட காரின் சந்தை மதிப்பு குறைவு, பாகத்தின் விலை அதிகம். அதனால் பம்பரும் விளக்கும் மட்டும் போன விபத்தைக்கூட, பழுது பார்க்க முடியாத முழு இழப்பு என்று நிறுவனம் கணக்கு எழுதிவிடலாம். காரின் மதிப்பு முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்படும் பாலிசி கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால், இடிபட்ட காரை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக இதழுக்கு ஒரு வேண்டுகோள். செகண்ட் ஹேண்ட் கார்களைப் பற்றி எழுதும்போது விலை, மைலேஜ், சீட் எண்ணிக்கையோடு இன்னொரு வரியும் சேர்த்துப் போடுங்கள்: எஞ்சின் யாருடையது, கியர்பாக்ஸ் யாருடையது, அதே பாகங்களைப் போட்டு வந்த வேறு கார் எது. அந்த ஒரு வரி இருந்தால், வாசகர் ஸ்பேர் கடைக்குப் போன் செய்யும்போது எந்த வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
கார் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்